காலி வண்டியில் வராத பிரேக்

2024 ஜனவரி 20, சனிக்கிழமை. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பொங்கல் விழாவில் இருநூறு பேருக்கான காலைச் சாப்பாட்டைப் பிக்கப் டிரக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டியிலிருந்து பியர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஹூஸ்டனைச் சுற்றி ஓடும் பெல்ட்வே 8 ஹைவேயில் நடு லேன், 66 மைல் வேகம். எனக்கு முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. ஒரு மேம்பாலத்துக்கு அடியில் நுழையப் போகும் நேரத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் சிவப்பாகப் பளிச்சென்று ஏதோ வந்தது, விடாமல் மணி அடித்தது, வண்டி தானாகவே பிரேக் பிடித்தது. என் கால் ஆக்சிலரேட்டரில்தான் இருந்தது. சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. பின்னால் நாற்பது லிட்டர் சாம்பார் அண்டா சறுக்கி வந்து கேபின் சுவரில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடியில் ஒரு பதினெட்டு சக்கர லாரியின் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அந்த டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தியபடி பக்கத்து லேனுக்கு ஒடித்துப் போனார். அவருடைய இடது பக்கத்தில் வேறு ஒரு வண்டி இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

எல்லாம் இரண்டு மூன்று நொடிதான். பிரேக் தானாக விட்டது, வண்டி மறுபடி ஒன்றும் நடக்காதது போல ஓடியது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஹைவேயை ஒட்டியே ஓடும் ஃபீடர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். கை நடுங்கியதில் கதவைத் திறக்க முடியவில்லை. உதவிக்கு வந்திருந்த அக்கா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாம்பாரில் பாதிக்கு மேல் போய்விட்டது. விழாக் குழுவுக்கு 600 டாலர் திருப்பிக் கொடுத்தேன். அன்று பணம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

என் கணவர் கடலில் எண்ணெய்த் தளத்தில் வேலை பார்க்கிறார். பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் வீட்டில். நான் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அதற்காகத்தான் 2022 ஆகஸ்டில் இந்தப் பிக்கப்பைப் புதிதாக வாங்கினோம். முன்னால் தடை தெரிந்தால் தானே பிரேக் போடுவது, லேனை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்வது, பக்கவாட்டில் வரும் வண்டியைக் காட்டுவது என்று எல்லா வசதியும் இருந்தது. இந்த அமைப்பை நான் வெறுக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023-இல் ஹைவே 6-இல் முன்னால் போன கார் சட்டென்று நின்றபோது, நான் பார்ப்பதற்குள் இதே அமைப்புதான் பிரேக் போட்டு என்னைக் காப்பாற்றியது. 2029 செப்டம்பருக்குள் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் சிறிய டிரக்குகளிலும் இது இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதியும் வந்துவிட்டது. ஆகவே நான் எழுதப் போவது, இது தப்பாக வேலை செய்தால் நாம் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் தனியாகத் திண்டாடினேன்.

முதல் தப்பு என்னுடையது. பெரிய பிரேக் ஜனவரியில்தான் வந்தது, ஆனால் 2023 வசந்த காலத்திலிருந்தே சின்னச் சின்னதாக அறிகுறி இருந்தது. யாருமே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து அணையும். ஏதோ சென்சாரில் தூசி என்று விட்டுவிட்டேன், ஒரு நாள்கூடக் குறித்து வைக்கவில்லை. டெக்சஸில் குறையுள்ள புது வண்டிக்கு லெமன் சட்டம் இருக்கிறது. மாநில மோட்டார் வாகனத் துறையிடம் 35 டாலர் கட்டி நாமே விண்ணப்பிக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் வாரன்டி முடிவது, 24 மாதம், 24,000 மைல், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அந்த ஆரம்பக் காலத்துக்குள் எத்தனை முறை பழுதுக்கு விட்டோம் என்பதுதான் கணக்கு. நான் முதல் முறையாகச் சர்வீஸுக்குப் போனபோது வண்டி 27,000 மைல் ஓடியிருந்தது. கையில் ஒரு காகிதமும் இல்லை. எனவே புது வண்டி வாங்கியவர்கள், சின்ன விளக்கு எரிந்தாலும் தேதி, மைல், இடம் போட்டு எழுதி வையுங்கள். இரண்டாவது முறை எரிந்தால் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். சரியாகாவிட்டாலும் பரவாயில்லை, போனதற்கு ஆதாரம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வாங்கிய டீலரிடமே வண்டியை விட்டேன். சர்வீஸ் அட்வைசர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், பதற்றத்தில் நீங்களே பிரேக்கை மிதித்திருக்க வாய்ப்பு இருக்கிறதா?” என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். அதைச் சொன்னேன், ஆனால் குரல் தழுதழுத்துப் போனது, அதுவே அவர் நினைத்ததை உறுதி செய்தது போல ஆகிவிட்டது. அடுத்ததாக வெயில் நேராக அடித்தால் கேமராவுக்குக் கண் கூசும் என்றார். அப்போது இருட்டாக இருந்தது என்றேன். இரண்டு நாள் வைத்திருந்து, பன்னிரண்டு மைல் ஓட்டிப் பார்த்து, குறை எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். குறை தெரியாததால் வாரன்டியில் வராது, சோதனைக் கட்டணம் 195 டாலர்.

அந்தப் பில்லை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் ‘எச்சரிக்கை விளக்கு எப்போதாவது வருகிறது’ என்று மட்டும் இருந்தது. 66 மைல் வேகத்தில் தானாகப் பிரேக் போட்டது என்ற சொல்லே இல்லை! பின்னால் எங்கே போனாலும் இந்தக் காகிதம்தான் பேசும், நாம் அழுததும் கத்தியதும் அதில் வராது. அன்றிலிருந்து, நடந்ததை நானே நான்கு வரியில் அச்சடித்துக்கொண்டு போய், இதை அப்படியே குறையில் ஏற்றுங்கள் என்று கேட்டு, ஏற்றியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். வண்டியைத் திருப்பி எடுக்கும்போதும், ஒன்றும் செய்யவில்லை என்றாலும்கூட, உள்ளே விட்ட தேதி, வெளியே எடுத்த தேதி, மைல் மூன்றும் இருக்கும் பில் வாங்காமல் வருவதில்லை.

பிப்ரவரி 10, ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது மறுபடி நடந்தது. மறுபடியும் பாலம். இந்தத் தடவை பின்னால் வண்டி இல்லை. டீலர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்துவிட்டு, அமைப்பு வடிவமைத்தபடியே வேலை செய்கிறது என்று எழுதி இன்னொரு 195 வாங்கினார்கள். மார்ச் 2 மூன்றாவது. அன்று என் பையன் பின் சீட்டில் இருந்தான், ஒன்பது வயது. பெல்ட் கழுத்தோரம் உரசி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அவன் அழவில்லை. “அம்மா, நீ பிரேக் போடலைதானே?” என்று மட்டும் கேட்டான். நான் சொல்லாமலே நம்பியது அவன் ஒருவன்தான். அன்று ராத்திரி அந்தக் கோட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இனிமேல் இந்த வண்டியில் அவனை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மெனுவில் போய்த் தானியங்கிப் பிரேக்கை அணைத்து வைக்கலாம். ஆனால் என் வண்டியில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது தானாகத் திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் நான்கு திரை தாண்டிப் போய் அணைக்க வேண்டும். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஸ்டியரிங்கில் ஒரு மஞ்சள் ரப்பர் பேண்டை மாட்டி வைத்தேன். அணைத்தால் மட்டும் நிம்மதியா? உண்மையாகவே முன்னால் யாராவது நின்றால் காப்பாற்றவும் ஆள் இல்லை. ஹைவேயை விட்டுவிட்டு ஃபீடர் ரோட்டிலேயே போனேன், பியர்லாந்துக்கு நாற்பது நிமிடம் கூடுதல். பெரிய ஆர்டர்களுக்கு ஐந்து முறை வேன் வாடகைக்கு எடுத்தேன், தடவைக்கு 110 டாலர். புது வண்டி வீட்டு வாசலில் நிற்க, அதற்குத் தவணையும் கட்டிக்கொண்டு, வாடகை வேனில் இட்லிக் குண்டானை ஏற்றும்போது வந்த ஆத்திரத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

இந்தச் சமயத்தில் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, 140 டாலருக்கு ஜிபிஎஸ் வேகம் பதியும் டாஷ்கேம், அதாவது ரோட்டைப் படம் பிடித்துக்கொண்டே வரும் கேமரா. இரண்டு கண் உள்ளது வாங்குங்கள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. முன்னால் ரோடு காலி என்று காட்டவும், பின்னால் எவ்வளவு பக்கத்தில் லாரி வந்தது என்று காட்டவும் வேண்டும். வண்டியிலேயே ஒரு பதிவுக் கருவி இருக்கிறது, அதில் உள்ள தகவல் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளருக்குச் சொந்தம். ஆனால் அது மோதல் நடந்தால், அதற்கு முந்தைய சில நொடிகளைப் பதிய வைப்பதற்காக இருப்பது. மோதாமல் தப்பித்ததற்கு அதை நம்ப முடியாது.

இரண்டாவது, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம், அதாவது என்.எச்.டி.எஸ்.ஏ.விடம், புகார் கொடுத்தேன். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அவர்களுடைய தளத்தில் வண்டியின் பதினேழு எழுத்து விஐஎன் எண்ணைப் போட்டால் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது, இருக்கிறதா என்று தெரியும், என் வண்டிக்கு இல்லை. ஆனால் மாடலையும் வருடத்தையும் போட்டால் மற்றவர்கள் கொடுத்த புகார்கள் வரிசையாக வருகின்றன. ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘முன்னால் எதுவும் இல்லை.’ ‘பாலத்துக்கு அடியில்.’ ‘டீலர் குறை தெரியவில்லை என்கிறார்.’ என்றோ எங்கோ முகம் தெரியாத ஒருவர் என் வாக்கியத்தையே எழுதியிருந்தார். அன்றுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று நம்பினேன்.

புகார் எழுதுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தேதி, வேகம், ரோடு, வானிலை, முன்னால் என்ன இருந்தது, எத்தனை மைல் வேகத்துக்குக் குறைந்தது, டீலர் என்ன எழுதினார், அவ்வளவுதான். விவரிக்கும் பகுதி பொதுவில் வரும் என்பதால் அதற்குள் பெயரும் ஃபோன் நம்பரும் போட வேண்டாம். அனுப்பியதும் ஓர் எண் தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் உங்கள் பணத்தை வாங்கித் தர மாட்டார்கள், தனிப்பட்ட வழக்கில் தலையிடவும் மாட்டார்கள். அப்புறம் எதற்கு? 2022 பிப்ரவரியில் இதே காரணமில்லாப் பிரேக் விஷயமாக டெஸ்லாவின் இரண்டு மாடல்கள் மீது அவர்கள் விசாரணை தொடங்கினார்கள். சம்பந்தப்பட்ட வண்டிகள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவர்கள் கையில் இருந்த புகார்களோ 354. அதைப் படித்த பிறகு, நம் ஒருவர் புகாரால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே தளத்தில், கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் அறிவிப்புகளும் கிடைக்கும். என் மாடலுக்கான அறிவிப்பு ஒன்றில், தடையைக் கண்டுபிடிக்கும் முன்பக்க ரேடாரைச் சோதிக்கும்போது வண்டியின் உயரம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்படி இருந்தது. நான் அதைப் படித்தேன், அச்சடித்தும் வைத்தேன். ஆனால் அந்த வரியின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில், ஐம்பது மைல் தள்ளி இருக்கும் வேறொரு டீலரிடம் போனேன். அட்வைசரிடம் மட்டும் பேச மாட்டேன், மெக்கானிக் என்னோடு ஒரு முறை வண்டியில் வர வேண்டும் என்று கேட்டேன். இப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். அதிகம் பேசவில்லை. என் குறிப்பு நோட்டை வாங்கி மூன்று தேதியையும் பார்த்தார். பிறகு, “இந்த மூன்று நாளும் பின்னால் என்ன ஏற்றியிருந்தீர்கள்?” என்று கேட்டார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. நானும் யோசிக்காதது. மூன்று நாளும் முழு லோடு. அண்டா, ஹாட் பாக்ஸ், தண்ணீர் கேன், மடக்கு மேசை, எல்லாம் சேர்த்து 700 பவுண்ட் வரும். இறக்கச் சுலபம் என்று கனமானதையெல்லாம் பின் கதவை ஒட்டியே வைப்பேன். சர்வீஸுக்குப் போகும்போது மட்டும், மரியாதைக்காக, வண்டியைக் கழுவித் துடைத்துக் காலியாகக் கொண்டுபோவேன். அவர் முன்சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்துக் காட்டினார். லெவலிங் கிட். பிக்கப் இயல்பாகவே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து இருக்கும், லோடு ஏற்றினால் சமமாகட்டும் என்று. பார்க்க எடுப்பாக இருக்கும் என்று என் கணவர் 2023 ஜனவரியில் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார்.

மெக்கானிக் ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் படம் போட்டு விளக்கினார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 145 அங்குலம். முன்பக்கம் இரண்டு அங்குலம் ஏறினால் வண்டியின் மூக்கு முக்கால் டிகிரிக்குக் கிட்ட மேலே நிமிர்கிறது. 700 பவுண்டைப் பின் கதவோரம் வைத்தால் பின்பக்கம் இறங்கி இன்னும் நிமிரும். ரேடார் முன் பம்பரில் இருக்கிறது, மூக்கு நிமிர்ந்தால் அதன் பார்வையும் நிமிரும். ஒரு டிகிரி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் நூறு மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 1.75 மீட்டர் உயரம். ரோட்டைப் பார்க்க வேண்டிய ரேடார் பாலத்தின் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலி வண்டியில் அந்தச் சாய்வு எல்லைக்குள் இருந்தது, அதனால்தான் முதல் டீலருக்கு எதுவும் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

இதோடு இன்னொன்றும் வெளிவந்தது. 2023 நவம்பரில் கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டதால், இன்சூரன்ஸ் வழியாக ஒரு கண்ணாடிக் கடை வீட்டு வாசலிலேயே வந்து மாற்றிக் கொடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால்தான் கேமரா. கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பார்த்து நிறுத்த வேண்டும், அதைக் காலிப்ரேஷன் என்கிறார்கள். கடையிலிருந்து வந்த பையன் “ஓட்ட ஓட்டத் தானே சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஸ்கேனில் பார்த்தபோது கேமரா காலிப்ரேஷன் முடிந்ததற்கான பதிவே இல்லை. ரேடார் தடை என்று சொல்லும்போது கேமரா இல்லை என்று மறுத்திருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் இருந்திருக்கிறது என்பது மெக்கானிக்கின் கணிப்பு. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது பிரேக்காக மாறியது நவம்பருக்குப் பிறகுதான் என்பதும் அதோடு பொருந்துகிறது. கண்ணாடி மாற்றினால் காலிப்ரேஷன் முடிந்ததற்கான ரிப்போர்ட்டைக் காகிதத்தில் வாங்காமல் கடைக்காரரை அனுப்பாதீர்கள். இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

வெளிக் கிட் போட்டிருப்பதால் வாரன்டியே போய்விட்டது என்று அங்கிருந்த மேனேஜர் ஆரம்பித்தார். 1975-இல் வந்த வாரன்டிச் சட்டப்படி வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகத்தால்தான் இந்தக் குறை என்று காட்ட வேண்டும் என்று படித்திருந்தேன், சொன்னேன். முழு வாரன்டியும் போகாது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இந்தக் குறைக்குக் கிட்தான் காரணம் என்று அவரால் காட்டவும் முடிந்தது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அன்று ராத்திரி தளத்திலிருந்து கணவர் கூப்பிட்டபோது சொன்னேன். வெகு நேரம் பேச்சே இல்லை. “நான்தானே போட்டேன்” என்றார். “விடுங்க, நானும்தான் மூன்று மாதமா காலி வண்டியைக் காட்டிட்டு வந்தேன்” என்றேன். இருவருமே கொஞ்ச நேரம் அப்படியே ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கிட்டைக் கழற்ற 350 டாலர், ரேடாரை நேர் செய்ய 240, கேமரா காலிப்ரேஷன் 380. முன்னால் சொன்னவற்றையும் கூட்டினால் மொத்தம் 2,650 டாலர். ஏப்ரல் 19 வண்டி கைக்கு வந்தது. பிறகு ஒரு பெரிய ஆர்டருக்கான அதே கனத்தைத் தண்ணீர் கேன்களாகவே ஏற்றி, இந்தத் தடவை கேபின் சுவரை ஒட்டி அடுக்கிக் கட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த ஞாயிறு விடியலில் அந்த மூன்று பாலத்துக்கு அடியிலும் போய் வந்தேன். டாஷ்கேம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாலத்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டதில் பாலம் தாண்டிய பிறகும் விட மறந்துவிட்டேன். விளக்குகூட எரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, ஜூனில், முன்னால் போன கார் எக்ஸிட்டில் திரும்பும்போது எச்சரிக்கை மணி அடித்தது, பிரேக் போடவில்லை. அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன். என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்குப் பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, காரணம் என்னவென்று தெரிந்ததை எழுதி அனுப்பினேன், என் புகாரைப் படிக்கும் அடுத்தவர் முதலில் தன் வண்டியின் உயரத்தையும் லோடையும் பார்க்கட்டும் என்று. கண்ணாடிக் கடையிடம் காலிப்ரேஷன் பணம் 380 டாலரைக் கேட்டு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு இரண்டு கடிதம் போட்டாயிற்று. முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நகல் போட்டு, கையெழுத்து வாங்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.